மருமகள் லொஸ் ஏஞ்சல்ஸில் ‘ராணி’யாக நிற்கப் போகிறாளாம், அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறா: தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்

ஆரையம்பதி அக்கா எழுதியது:

வணக்கம். நான் வழமையாகச் சமையல் பகுதியில் மட்டும் எட்டிப் பார்க்கிறவள். இதை எங்கே கேட்பதென்று தெரியவில்லை, பிழையான இடமென்றால் மன்னிக்கவும்.

என் தம்பி 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவன். சுற்றிச் சுழன்று கடைசியில் லொஸ் ஏஞ்சல்ஸில் போய் நின்றான். அங்கே கூட வேலை செய்த ஜப்பானியப் பெண்ணைக் கட்டினான். ஜப்பானியப் பெண் என்று நாங்கள்தான் சொல்கிறோம். அவளுடைய தாய் தகப்பனே அமெரிக்காவில் பிறந்தவர்கள். என் மருமகளுக்கு, அதாவது அவர்களுடைய மகளுக்கு, தமிழ் தெரிந்த அளவுக்குத்தான் அந்தத் தாய்க்கு ஜப்பான் மொழி தெரியும். அதாவது சாப்பாட்டுப் பேர்களும் ஏச்சும்.

அம்மாவுக்கு 81 வயது. அந்தக் கலியாணத்தை அவ மனதார ஏற்றுக்கொண்டதே 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகுதான். அம்மா பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், மகிழடித்தீவு. கலியாணமாகி இந்தக் கரைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம்) ஏறி வந்தவ. ஒவ்வொரு தரமும் தாய் வீட்டுக்குப் போக, பாதை வருமட்டும் வெயிலில் காத்துக்கிடந்த மனுசி. ஜப்பான்காரன் காசு தந்து பாலம் கட்டினான் என்று கேள்விப்பட்டதும், “நம்மட மருமகள்ற ஆக்கள்தானே” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா.

இப்போது விஷயம் இதுதான். மருமகளுக்கு 22 வயது. போன சனிக்கிழமை வட்ஸ்அப்பில் வந்து, ஆகஸ்டில் ‘நிசெய் வீக்’ என்று ஒரு திருவிழா, அதில் குயின் தெரிவு இருக்கிறது, எங்கள் பக்கத்துச் சமூக நிலையம் என்னை நிறுத்துகிறது என்று சந்தோசமாகச் சொன்னாள். அம்மாவுக்கு விளங்கியது ‘குயின்’ மட்டும்தான். போனை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. அன்றிலிருந்து பிளேன்டீயும் ரெண்டு விசுக்கோத்தும்தான். “பொம்புளப் புள்ளைய மேடையில ஏத்தி மார்க் போடுறதா? உன்ட தம்பிக்கு மூளை எங்க போச்சு?”

அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஊரில் சித்திரை விளையாட்டு விழா. வழுக்கு மரம், முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்து கடைசியில் ‘சித்திரை அழகி’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா போனா. அவவுக்குச் சேலை உடுத்திப் பூ வைத்து விட்டதே எங்கள் அம்மாதான். மைக் பிடித்தவர் அந்த அக்காவின் நிறத்தைச் சொல்லி ஒரு பகிடி விட்டார். மைதானமே சிரித்தது. அடுத்த நாள் அந்தச் சேலையைக் கழுவி மடித்துத் திருப்பித் தந்தா, ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிறகு வகுப்புக்கும் போகவில்லை. அம்மா அந்தச் சேலையை அதற்குப் பிறகு உடுத்ததே இல்லை.

அதனால் கேட்கிறேன். இது நீச்சல் உடுப்போடு நிற்கிற போட்டியா? பிள்ளை பாதி நம்ம ஆள், பாதி ஜப்பான். அதற்கு அங்கே ஏதும் சொல்வார்களா? அம்மாவுக்கு நான் என்ன சொல்லலாம்?

—

டொரன்ஸில் இருந்தவன் எழுதியது:

அக்கா, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீச்சல் உடுப்பு இல்லை.

நான் கல்முனை. லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே டொரன்ஸ் என்ற ஊரில் 11 வருடம் இருந்தேன். ஜப்பானிய வம்ச ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். நிசெய் வீக் ஊர்வலத்துக்கு நாலைந்து தரம் போயிருக்கிறேன், என்னோடு வேலை செய்தவரின் மகள் நின்றபடியால் ஒரு தரம் முடிசூட்டு விழாவுக்கும் போனேன். கிமோனோவில் ஒரு தரம், நீளக் கவுனில் ஒரு தரம் மேடைக்கு வருவார்கள். பேசுவார்கள், கேள்விக்குப் பதில் சொல்வார்கள். ஒருத்திக்குத்தான் ராணிக் கிரீடம். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம், மற்றப் பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று வீட்டுக்கு அனுப்புவதில்லை. அவர்களும் இளவரசிகளாக அந்த வருட அரசவையில் இருப்பார்கள். ‘மிஸ் டொமொடாச்சி’ என்றும் ஒரு பட்டம் உண்டு. டொமொடாச்சி என்றால் கூட்டாளி. பிறகு வருடம் முழுக்க எல்லோரும் சேர்ந்து மற்ற ஊர் விழாக்களுக்குப் போவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1968இலிருந்து செரிப்பூ விழா நடக்கிறது, அங்கேயும் இப்படி ஒரு ராணியும் அரசவையும் உண்டு. ஒரு ஊர் ராணி மற்ற ஊர் ராணியைப் பார்க்கப் போவது அவர்களுக்குள் ஒரு முறை.

நிசெய் என்றால் இரண்டாம் தலைமுறை. இச்சி, நி, சான் என்று எண்ணுவார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. வந்து இறங்கியவர்கள் இஸ்ஸெய், அவர்களின் பிள்ளைகள் நிசெய், பேரப்பிள்ளைகள் சான்செய். உங்கள் தம்பியின் மனைவி சான்செய். மருமகள் யோன்செய், நாலாவது.

தொடங்கியது 1934இல். அமெரிக்காவில் காசு இல்லாத காலம். லிட்டில் டோக்கியோ என்ற, லொஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானிய ஆக்களின் பகுதியில் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வெள்ளைக்காரர்களின் பெரிய கடைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்பத் தெருவுக்கு இழுக்கத்தான் இந்த விழா. அடுத்த வருடம் ராணியையும் சேர்த்தார்கள். லிட்டில் டோக்கியோவில் சாமான் வாங்கினால் வாக்குச் சீட்டு, அதை வைத்து ராணி.

பிறகு 1942. பேர்ள் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்ட பிறகு ஜப்பானிய முகம் உள்ள எல்லோரும் எதிரி என்று, மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,20,000 பேரை அள்ளிக்கொண்டு போய் முகாம்களில் போட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டு வரலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் ஆக்கள் பல பேர் மன்சனார் என்ற வறண்ட பாலைவெளிக்குப் போனார்கள். ஆளில்லாத லிட்டில் டோக்கியோவில் யுத்தத் தொழிற்சாலை வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் குடியேறி, பேரே ‘பிரொன்ஸ்வில்’ ஆகிவிட்டது. ஆக்கள் திரும்பி வந்து விழாவைத் திரும்பத் தொடங்கியது 1949இல்.

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஃபுகெட்சுடோ என்று ஒரு மோச்சிக் கடை, 1903இலிருந்து இருக்கிறது. மோச்சி என்றால் அரிசிமாப் பண்டம், நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். மருமகளிடம் சொல்லுங்கள், அம்மாவுக்கு வரும்போது கொண்டு வரட்டும். ஆனால் வயதான ஆளுக்குக் கவனம், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மெதுவாகத்தான், தொண்டையில் ஒட்டும்.

பாலம் கட்டித் தந்தது ஜப்பான் அரசாங்கம் அக்கா. இவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

—

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, டொரன்ஸ் தம்பி சொன்னதெல்லாம் சரி. வரலாறு எனக்கும் விருப்பமான பாடம். ஆனால் சாமான் வித்தால் வாக்கு, வாக்கு சேர்ந்தால் ராணி என்பதை அவர் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அது உங்கள் ஊர் மைக்காரர் விட்ட பகிடியின் பெரியண்ணன் மாதிரித்தான் தெரிகிறது. கடையில் கூட்டம் சேர்க்கப் பெண் பிள்ளைகளின் முகம். ஏன், இளவரசன் தெரிவு வைத்தால் சோயா சோஸ் விற்காதா?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. 1970களில் அங்கே உள்ள இளைய தலைமுறையே இந்த அழகிப் போட்டி நமக்குத் தேவையா என்று கேட்டது.

உங்கள் ‘பாதி’க் கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. இப்படியான ஜப்பானிய-அமெரிக்கப் போட்டிகள் பலவற்றில் பாதியாவது ஜப்பானிய வம்சமாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஹவாயில் ஹொனலுலுவில் 1953இல் தொடங்கிய செரிப்பூ விழாவில் 1990களின் கடைசி வரை பாதியும் போதாது, முழுக்க ஜப்பானிய வம்சம் வேண்டும். கலப்புக் கலியாணம் கூடிக்கூடி, நிற்பதற்குப் பிள்ளைகள் இல்லாத நிலை வந்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். இரத்தம் பார்த்து முகாமில் போட்டார்கள் என்று அழுத சமூகம், கிரீடத்துக்கும் இரத்தம்தான் பார்த்தது. பிள்ளையைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகட்டும்.

—

டொரன்ஸில் இருந்தவன் எழுதியது:

சேர், ராணி என்ற பேர் எனக்கும் உறுத்தும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. 1970களிலேயே லொஸ் ஏஞ்சல்ஸில் அவர்கள் செய்த கலியாணங்களில் கிட்டத்தட்டப் பாதி வெளியே. நான் பார்த்த வருடம் மேடையில் நின்றதில் மூன்று பிள்ளைகளின் முகத்தை வைத்து நீங்கள் எந்த நாடு என்று சொல்லவே முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு இது ‘நானும் உங்கள் ஆள்தான்’ என்று மைக்கில் சொல்லக் கிடைக்கிற ஒரு இடம். கூட வேலை செய்தவரின் மகள் பேச எழும்பியபோது கிமோனோக் கைக்குள் அவளுடைய கை நடுங்கியது எனக்கு மூன்றாவது வரிசையில் தெரிந்தது. அவள் பேசியது தன் பாட்டி முகாமில் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி. அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை.

—

ஆரையம்பதி அக்கா எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வாத்தியார் சேர் எழுதியதையும் விடாமல் வாசித்தேன். (பாலம் பற்றிய வரியை மட்டும் தாண்டிவிட்டேன்.)

முகாம் வந்த இடத்தில் அம்மா வெற்றிலை இடிக்கிறதை நிறுத்திவிட்டா. “வெளிக்கிட எத்தினை நாள் குடுத்தவங்களாம்?” என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். கூடுதலான இடங்களில் ஒரு கிழமை அளவில், டெர்மினல் ஐலண்ட் என்ற மீன்பிடிக்கிற தீவில் மட்டும் 48 மணித்தியாலம் என்று பதில் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அப்புறம், “நமக்கு அந்த நாப்பத்தெட்டும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்ப இடிக்கத் தொடங்கினா. 1990இல் நாங்கள் ஓடின இரவைப் பற்றி அம்மா வாய் திறந்தது எனக்குத் தெரிந்து இது ரெண்டாவது தரம்.

பிறகு அந்தப் பாதி, முழு விஷயம். அதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதென்ன, பாலுக்குள்ள தண்ணி பார்க்கிற மாதிரி?” நான் விளங்கப்படுத்தப் போக, என்னை நிறுத்திவிட்டு அம்மா சொன்ன பதிலை அப்படியே போடுகிறேன்:

“தாய்ட குடிதானே புள்ளைக்கு. உனக்கு என்ட குடி, எனக்கு என்ட அம்மாட குடி. உன்ட அப்பாட குடி உனக்கு வந்ததா? அப்ப என்ட பேத்தி தாய்ட குடி. முழுசா அந்தக் குடி. பாதி எங்க இருந்து வந்தது?”

வெளி மாவட்டத்து ஆக்களுக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்புப் பக்கம் குடி தாய் வழியில்தான் வரும். குடிக்குள் வயிற்றுவார் என்று இன்னொரு பிரிவு, பேரிலேயே வயிறு இருக்கிறது. கோயில் உரிமையில் எந்தக் குடி முன்னுக்கு, எந்தக் குடிக்கு என்ன வேலை என்பதெல்லாம் இன்றைக்கும் உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் பேச மாட்டார்கள். வீடும் பெண் பிள்ளைக்குத்தான். நான் இப்போது இருக்கிற வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது.

இந்தக் கணக்கை அமெரிக்காவில் கொண்டுபோய் யாரிடமும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிட்டது. “குடி கூப்பிட்டா போகத்தானே வேணும்” என்கிறா. ராத்திரி குரக்கன் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டா.

இப்போது புதுப் பிரச்சினை. பெட்டிக்குள் இருந்து தன்னுடைய அட்டியலை எடுத்து வைத்திருக்கிறா. பேத்தி மேடையில் போட வேண்டுமாம். கொழும்புக்குப் போகிற ஆள் யாராவது இருக்கா என்று காலையிலிருந்து நச்சரிப்பு.

—

களுவாஞ்சிகுடி மணப்பெண் அலங்காரம் எழுதியது:

அக்கா அட்டியலை அனுப்பாதீங்க!! கிமோனோவுக்கு மாலை, காப்பு, சங்கிலி ஒன்றும் போடுவதில்லை. அழகெல்லாம் துணியிலும் இடுப்புப் பட்டியிலும் தலைமுடியில் வைக்கிற பூவிலும்தான்.

நான் தொழிலுக்காக நிறையப் பார்ப்பேன், கிமோனோவில் எனக்குப் பைத்தியம். கலியாணமாகாத பிள்ளைகள் விசேசத்துக்கு உடுத்துவது ஃபுரிசொடே. கை கணுக்கால் வரைக்கும் தொங்கும். துணி முழுக்க நேர் வெட்டுத்தான், நம்ம சட்டை மாதிரி உடம்புக்கு அளந்து வளைத்து வெட்டுவதில்லை. அதனால் உடம்பைத்தான் துணிக்கு ஏற்ற மாதிரி ஆக்குவார்கள்: இடுப்பில் துவாய் சுற்றி நேராக்கி, கயிறு கட்டி, அதற்கு மேல் ஓபி என்கிற அகலப் பட்டியை இறுக்கி முதுகில் முடிச்சு. நாங்கள் கூறைக்குக் கொசுவம் பிடிக்கிற மாதிரி ஆயிரம் ஊசி குத்துகிற வேலை இல்லை, எல்லாம் கட்டுத்தான். சரியாக உடுத்தி விட இன்னொரு ஆள் வேண்டும். உடுத்தால் குனிய முடியாது, மூச்சு மேலாகத்தான் வரும். காலுக்குப் பெருவிரலைப் பிரித்த வெள்ளைக் காலுறை, அதற்கு மேல் செருப்பு. எட்டி நடந்தால் முன்பக்கம் விரியும், அடி அடியாகத்தான் நடக்க வேண்டும். அதை மாதக்கணக்கில் பழகாமல் மேடையில் ஏற முடியாது.

முக்கியமான ஒன்று: இடப்பக்கம் மேலே வர மடிக்க வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது செத்தவருக்கு உடுத்துகிற முறை. போட்டோ வந்தால் அம்மா அதைத்தான் முதலில் பார்ப்பா என்று நினைக்கிறேன்.

அனுப்பத்தான் வேண்டுமென்றால் மருதமுனைக் கைத்தறித் துணி ஒரு துண்டு அனுப்புங்கள். அவர்கள் சாமானைத் துணியில் பொதிந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு போவார்கள், அதற்குப் பாவிப்பாள்.

—

தாண்டவன்வெளி எழுதியது:

குறுக்கே வருகிறேன். எங்கள் வீடு பறங்கியர் வீடு. பேர் போர்த்துக்கீசம், கதைக்கிறது தமிழ், கலியாணத்தில் ஆடுவது கஃபிரிஞ்ஞா. என்னை எத்தனை பங்கு என்று சின்ன வயதிலிருந்து கேட்காத ஆள் இல்லை. அந்த அம்மாவின் பதிலை எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த தரம் யாராவது கேட்டால் சொல்ல. எங்களுக்குக் குடி இல்லை, இருந்தாலும் சொல்வேன்.

—

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மாவிடம் நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லுங்கள். இளவரசன் கேள்வியை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

—

ஆரையம்பதி அக்கா எழுதியது:

கடைசியாக ஒரு தரம் எழுதிவிட்டுப் போகிறேன்.

அட்டியல் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. வலப்பக்கம் இடப்பக்கம் கதையைச் சொன்னதும் அம்மா அரண்டுபோய், மருமகளைக் கூப்பிட்டு மூன்று தரம் கேட்டா, “இடது மேலதானே?” அவள் எழும்பி நின்று சாறத்துணி ஒன்றைச் சுற்றி மடித்துக் காட்டினாள். போன் கமெரா கண்ணாடி மாதிரிக் காட்டியபடியால் அம்மாவுக்கு அது மாறித் தெரிந்து, பெரிய சத்தம். பத்து நிமிசம் போனது அதைத் தீர்க்க.

ஆடி அமாவாசைக்கு அம்மா மாமாங்கக் கோயிலில் செத்துப்போன அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கொடுக்கப் போவா. அதைச் சொன்னபோது மருமகள் சொன்னாள், விழாவில் தெருவில் எல்லோரும் வரிசையாக ஆடுகிற ஒண்டோ என்கிற ஆட்டம் அவர்களுடைய ஓபொன் ஆட்டத்திலிருந்து வந்ததாம். ஓபொன் என்பது செத்துப்போன ஆக்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள். அதுவும் இந்தக் காலத்தில்தான். “ஆடிக்காட்டு” என்றா அம்மா. ஆடினாள். கையை முன்னுக்கு நீட்டி, திருப்பி, ஒரு தட்டு. “நம்மட கும்மிதான், கொஞ்சம் நித்திரைத்தூக்கத்தில ஆடுற கும்மி” என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டா.

மேடையில் சொல்கிற பேச்சில் அப்பாவின் ஊர்ப் பேரையும் சொல்லப் போகிறாளாம். ‘மட்டக்களப்பு’ வரவில்லை. “மட்டக்கலப்பு” என்கிறாள். அம்மா ஒவ்வொரு நாள் ராத்திரியும் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறா, வெற்றிலை வாயோடு, ‘ள’வில் அழுத்தி. நேற்று வந்த பதிலில் ‘ள’ வந்துவிட்டது, ‘க்’ தொலைந்துவிட்டது.

முடிசூட்டு விழா அங்கே சனிக்கிழமை பின்னேரம். பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே 6 மணி என்றால் இங்கே ஞாயிறு காலை 6:30. பக்கத்து வீட்டுப் பிள்ளை லப்டொப் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகாமல் இருந்தால் சரி.